வியாழக்கிழமை முட்டை

ஓடுகிறேன். முதுகில் கல் விழுகிறது. தொப். வலியைப் பார்க்க நேரமில்லை. பாவாடை இடுப்பில் அவித்த முட்டை. ஓட்டோடு. இன்னும் சூடு போகவில்லை. மந்தைவெளி பஸ் நிலையத்துக்குப் பின்சந்து. பின்னால் செருப்பில்லாத கால்கள். எங்கள் பள்ளிப் பையன்கள்தான்.

"ஓடு கௌரி, திரும்பாத!" அண்ணன் மணி கத்துகிறான்.

தொண்ணூற்று மூன்று. ஆடி மாதம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, வியாழக்கிழமை, சத்துணவில் முட்டை போடுவார்கள். அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுக்கையில் இருந்தார். தங்கை ராணிக்கு அப்போதுதான் அம்மை இறங்கியிருந்தது. நிற்கத் தெம்பில்லை. முட்டை கொடுங்கள் என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். மணியின் முட்டையை இருவரும் பாதிப் பாதி தின்றோம். என்னுடையது ராணிக்கு.

சத்துணவு ஆயா தன் கண் முன்னால் தின்னச் சொல்வார். நாங்கள் ஒளித்துவிடுவோம். யார் ஒளிக்கிறார்கள் என்று பசித்த பிள்ளைகளுக்குத் தெரியும். வாசலில் காத்திருப்பார்கள். ரவுடிப் பசங்கள் என்பார் வாத்தியார். எனக்கு இன்றும் அந்த வார்த்தை மேல் கோபம். காலையில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

மணி ஒரு தந்திரம் செய்திருந்தான். டவுசர் பையில் ஓர் உருண்டைக் கல். அதைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

"அவள வுடுங்கடா! முட்டை இவன்கிட்ட கீது!" பாபுவின் குரல். எங்கள் அடுத்த குடிசைப் பையன்.

கால் சத்தம் என்னை விட்டு விலகுகிறது. திரும்பிப் பார்க்கிறேன். மணி தரையில். மேலே எல்லாரும். பையைப் பிடித்த கையை அவன் விடவில்லை. பாபு அந்தக் கையைக் கடித்தான். சர்ரென்று துணி கிழிந்தது. கல் வெளியே வந்தது. பாபு அதையே பார்த்தான். அவன் வீட்டில் முந்தின நாளிலிருந்து அடுப்பு எரியவில்லை. அழுதான். அழுதுகொண்டே அந்தக் கல்லால் மணியின் முகத்தில் அடித்தான். திரும்பத் திரும்ப. தேங்காய் உடைகிற சத்தம்.

முட்டை வீடு சேர்ந்தது. ராணி தின்றாள். தேறினாள்.

போனவை இவை. மணியின் இடது கண். முன்பல் இரண்டு. அவனுடைய படிப்பு. அம்மாவின் வீட்டுவேலை, ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்ததால்.

இதை இத்தோடு எழுதி முடித்து மணிக்குப் படித்துக் காட்டினேன். மணியை அடித்த அன்று மாலை பயந்து ஓடிய பாபு திரும்பவே இல்லை. அவன் அம்மா நந்தனம் வரை தெருத்தெருவாகத் தேடினாள்.

"அவனும்தான பூட்டான்," என்றான் மணி. "அவன் பேரையும் போடு."

பாபு. வயது பத்து.