கமிட்டி சொல்லுது

— நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க பெரியாயி அம்மா, நான் இல்லேங்கல. ஆனா இல்லாத கமிட்டி பேரச் சொல்லி மேல் லயத்து வரிசை வீடுகள்ல இருந்து சனத்தத் திரும்பத் திரும்ப இறக்கியிருக்கீங்க. அதாவது, இது முறைப்பாடா வந்திருச்சு.

— இறக்கினேன் சேர். மறைக்கல. இந்தா, ஸ்கூல் மண்டபம் பூரா அவங்கதான் உக்காந்திருக்காங்க. மழை விட்டதும் ஏறிப் போயிருவாங்க.

— ஒங்க தோட்டத்துத் தொரை எழுதியிருக்காரு. சனம் வேலைக்கு மலைக்குப் போகாம தேயிலைக் கொழுந்து நட்டமாகுதாம். கமிட்டிய மூடியாச்சுன்னு சொன்னீங்களே, பின்ன இந்தம்மா எப்படி உத்தரவு போடுதுன்னு கேக்குறாரு. பட்ஜெட் பாக்குறவன் நான். போயி விசாரிச்சுட்டு வா விஜேந்திரன்னு பதுளை ஆபீசுல இருந்து என்னைய அனுப்பிட்டாங்க.

— மூடினது எனக்கும் தெரியும் சேர். ஆள் வந்து சொல்லிட்டுப் போனாங்க.

— மாகாணம் பூரா இந்த மாதிரி ஆலோசனைக் கமிட்டி எக்கச்சக்கமா இருந்துச்சும்மா. பாதி கூடுறதே இல்ல. வேன் செலவு, சாப்பாட்டுச் செலவு மட்டும் வந்துக்கிட்டே இருக்கும். அதாவது, செலவக் கொறைக்கணும்னு எல்லாத்தையும் ஒண்ணா மூடினாங்க.

— எங்க கமிட்டி கூடுச்சு சேர். மழை பிடிச்சா இராசையா மாஸ்டர், கிராம சேவகர், நான், மூணு பேரும் மலைக்குப் போயி, மண்ணு சரியுமான்னு தரையில இருக்குற வெடிப்பப் பாப்போம். பெருசாகியிருந்தா லயத்து வாசல்ல நின்னு, கமிட்டி சொல்லுது, எறங்குங்கன்னுவோம். மறுபேச்சு இருக்காது. கமிட்டி சொன்னா தொரையும் அன்னைக்கிச் சம்பளத்த வெட்ட மாட்டாரு.

— மூடினதுக்கப்பறம்?

— மாஸ்டர் கொழும்புல மக வீட்டுக்குப் போயிட்டாரு. கிராம சேவகர் மாத்தலாகிப் போனாரு. நான்தான் மிச்சம். போன ஐப்பசியில மழை விடாமப் பேஞ்சுச்சு. ஒருத்தியாப் போயி வெடிப்புல கைய விட்டேன். முழங்கை வரைக்கும் உள்ள போச்சு. ஓடி வந்து நடு லயத்துல, எறங்குங்கன்னு சொன்னேன்.

— எறங்கலையா?

— என் நாத்தனா வடிவம்மா மூட்டையெல்லாம் கட்டி வச்சிருந்தா. ஐடென்டி காடு, பிள்ளைங்க உடுப்பு, எல்லாம். வாசலுக்கு வந்து கேட்டா. கமிட்டி சொல்லுதா மதினி, நீங்க சொல்றீங்களான்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— உள்ளதச் சொன்னேன். கமிட்டிய மூடிட்டாங்க, இது நான் சொல்றதுன்னேன்.

— அதுக்கு அவங்க?

— அவ யோசிச்சா. அப்ப சம்பளத்த வெட்டிருவாங்களே, ஆபத்துன்னா யாராச்சும் பெரிய ஆளு வந்து சொல்லுவாங்க, வந்ததும் எறங்குறோம்னா. பாதிச் சனம் என்னோட வந்துச்சு. மிச்சம் மூட்டையோட வாசல்ல உக்காந்திருந்துச்சு. நாங்க கீழ பாலத்தக்கூட இன்னும் தாண்டல. மரம் முறியிற மாதிரி சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா லயம் இருந்த எடத்துல வெறும் செவப்பு மண்ணு.

— வடிவம்மா?

— தோண்டி எடுக்கையில மூட்டை அவ மடியிலதான் இருந்துச்சு. முடிச்சுக்கூட அவுறல.

— அந்த நிவாரணக் கணக்கு என் மேசைக்குத்தாம்மா வந்துச்சு. கூடாரம், உலர் உணவு, சாவுச் செலவு. கமிட்டியெல்லாம் மூடி வருஷம் பூரா மிச்சம் பிடிச்சது அந்த ஒரு வாரத்துக்குக் காணல. மேல போயிச் சொன்னேன். அது வேற செலவுத் தலைப்பு, இது வேற தலைப்பு, ரெண்டையும் சேத்துப் பாக்காதேன்னாங்க.

— எனக்குத் தலைப்பெல்லாம் தெரியாது சேர். மழை கூரையில விழுந்தா அவ குரல் கேக்குது. அழல, திட்டல. அதே கேள்விதான். கமிட்டி சொல்லுதா, நீங்க சொல்றீங்களான்னு கேக்குறா. பதில் சொல்ற வரைக்கும் விடமாட்டேங்குறா.

— அதுக்காகத்தான் பொய் சொல்றீங்களா?

— ஆமாங்க. நடு லயம் போச்சு, மேல் லயம் நிக்குது. ரெண்டுக்கும் அதே மலைதான். போயி நின்னு கமிட்டி சொல்லுதுன்னேன். எறங்கிட்டாங்க. அன்னைக்கி வடிவம்மாகிட்ட இந்த ஒரு சொல்லச் சொல்லியிருந்தா அவளும் எறங்கியிருப்பா.

— நான் இத எப்படிம்மா எழுதுறது?

— பொய்யின்னே எழுதுங்க. பொலிஸ்ல குடுக்குறதுன்னாலும் குடுங்க. மழை விட்டப்பறம் குடுங்க, போதும்.

— வேணாம். நான் வந்தேன், நீங்க இல்ல, வீடு பூட்டியிருந்துச்சு. அப்படி எழுதிக்கிறேன். சம்பளம் வெட்டாம இருக்க தொரைகிட்டயும் பேசிப் பாக்குறேன். மேல இருந்தவங்க எல்லாரும் வந்துட்டாங்கல்ல?

— ஒரு குடும்பம் வரல. லயத்துக் கடைசி வீட்டுக் காம்பராவுல சஜீவனும் நிரஞ்சலாவும், பிள்ளைங்களோட. திரும்பப் போயிக் கூப்புடத்தான் கெளம்பினேன், நீங்க வந்து நின்னீங்க.

— ஏன் வரலேன்னாங்க?

— எப்பவும் என் பேச்சத் தட்டாதவங்க சேர். இன்னைக்கிக் கதவப் பிடிச்சிக்கிட்டு, பொய் சொல்லாதீங்க அக்கான்னாங்க. காலையில யாரோ ஒருத்தர் வந்து, கமிட்டியே கிடையாதுன்னு சொல்லிட்டுப் போனாராம். ஏன் சேர், எங்க ஓடுறீங்க? மழை கொட்டுதே.

— ஒங்க வீட்டுக்கு வழி கேக்கப் போயி, நான்தாம்மா சொன்னேன்.