காலியாகக் காத்திருக்கும் லிஃப்ட்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அண்ணன் சதாசிவம் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மறைந்த தலைவரின் துணைவியார், அண்ணியார் அமிர்தவல்லி அவர்களே, கடையை அடைத்துவிட்டுக் கேளம்பாக்கத்திலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் மழையில் வந்திருக்கும் மெக்கானிக் தோழர்களே, வாடிக்கையாளர்களே, வணக்கம்.

நம் சங்கத் தலைவர், சிங்கப்பெருமாள் கோயில் திருவேங்கடம் அவர்கள், செவ்வாய்க்கிழமை காலை தம் பட்டறையிலேயே மாரடைப்பால் மறைந்தார். அவரைப் புகழ என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள். அந்த அருகதை எனக்கு உண்டா? இல்லை!

போன மழைக்கு நாவலூரில் மூழ்கிய வண்டிகளை இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளி வந்தவர் யார்? நம் தலைவர்! மறுநாள் காய்ச்சலோடு சங்கக் கூட்டத்துக்கு வந்து, தாமதமாக வந்த என்னை வாங்கு வாங்கென்று வாங்கியவர் யார்? அவரும் நம் தலைவர்தான்.

இந்த ஆண்டு நம் பட்டறைகளில் ஒரு மோகம் பிடித்தது. பின்சக்கரங்களை இணைக்கும் தடித்த ஸ்டெபிலைசர் கம்பியை வாடிக்கையாளர்கள் வெளியில் வாங்கி வந்து மாட்டச் சொன்னார்கள். வளைவில் வண்டி சாயாது என்று நாமும் மாட்டினோம். தலைவர் வேண்டாம் என்றா சொன்னார்? இல்லை, எப்படி மாட்ட வேண்டும் என்று கூட்டம் போட்டுக் கத்தினார்.

"வண்டிக்கு ஏத்த தடிமனாப் பாத்து போடுங்கடா. ரொம்ப தடியாப் போட்டா மழையில பின்பக்கம் இழுத்துகினு பூடும். லிஃப்ட்டுல வண்டியத் தூக்கி சக்கரம் தொங்கிகினு இருக்கச் சொல்ல போல்ட்ட முறுக்காதீங்க. கீழ எறக்கி, வெயிட்டு சக்கரத்துல ஒக்காந்தப்புறம் முறுக்குங்க!"

தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன்.

போன மாதம் என் வாடிக்கையாளர் சுஜாதா அவர்களின் காரில் அந்தக் கம்பியை மாட்டினேன். ராகு காலத்துக்குள் வண்டி வெளியே போக வேண்டுமே என்று லிஃப்ட்டில் இருந்தபடியே முறுக்கி, இறக்கி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினேன். பத்து நாளில் வந்தார். "பின்னாடி லொடலொடன்னு சத்தம் வருது சார்" என்றார். "புதுசுல அப்படித்தான் மேடம், போகப்போக சரியாயிடும்" என்றேன். தோழர்களே, அது பொய்.

டயருக்குக் காற்று பிடிக்க சுஜாதா அவர்கள் தலைவரின் பட்டறையில் நிறுத்தியபோது, தலைவர் குனிந்து பார்த்திருக்கிறார். நான் முறுக்கிய கம்பி இடம் விலகி, பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஓஸை உரசிக்கொண்டிருந்தது. ஒரு மெக்கானிக்கின் வேலையை இன்னொருவர் வாடிக்கையாளர் முன்னால் குறை சொல்வதில்லை என்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தைக் காப்பாற்றினார். "மெதுவாப் போம்மா, பிரேக்க பாத்து புடி. தமிழ்வாணன் இன்னிக்கே கூப்புடுவான்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, எனக்கு ஃபோன் போட்டார்.

"இன்னா தமிழு, மேலயே முறுக்கிட்டியா?"

"ராகு காலம் வந்துடும்னு, அண்ணா..."

"ராகு காலத்துக்கு பயந்த, மழைக்கு பயப்படலியா? ஒன் கஸ்டமரு, நீயே சொல்லி இட்டுகினு வா. ரெண்டு பேருமா ஓஸ மாத்தி, கம்பிய கழட்டிடலாம். என் லிஃப்ட்ட காலியா வெக்கிறேன்."

நான் வேலை பார்த்த வண்டி அவர் லிஃப்ட்டில் ஏறினால் நாலு பேர் பார்ப்பார்களே என்று கூசினேன். நான் சுஜாதா அவர்களைக் கூப்பிடவே இல்லை. திங்கட்கிழமையும் தலைவர் கேட்டார். "மழை விடட்டும் அண்ணா" என்றேன். மழைக்கு முன்னால் கழற்ற வேண்டிய கம்பிக்கு இப்படி ஒரு பதில்!

நேற்று துக்கம் கேட்கப் போனேன். "லிஃப்ட்டுல வேற வண்டிய ஏத்தவே வுடல, தமிழு. ஒன் வண்டி வருதுன்னு சொல்லிகினே இருந்தாரு" என்றார் அண்ணி. தலைகுனிந்து வந்துவிட்டேன்.

தலைவர் என் மானத்தைக் காப்பாற்றினார். நான் எதைக் காப்பாற்றினேன்? அவர் பணியைத் தொடர்வோம் என்று சொல்லிவிட்டு இறங்கினால் நீங்கள் கைதட்டுவீர்கள். வேண்டாம். நாம் மாட்டிய ஒவ்வொரு வண்டியையும் திரும்ப அழைப்போம். இந்தக் கம்பி மாட்டியவர்கள் எல்லோரும் எழுந்து நில்லுங்கள்! நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

சுஜாதா மேடம், மூன்றாவது வரிசையில் இருக்கிறீர்கள். அந்தக் காரில்தான் வந்திருக்கிறீர்கள், வாசலில் பார்த்தேன். இனி அதை ஓட்ட வேண்டாம், சாவியை என்னிடம் கொடுங்கள். வேறு வண்டியில் உங்களை வீட்டில் விடச் சொல்கிறேன்.

அண்ணி, பட்டறையைத் திறந்துவிடுங்கள். அந்த வண்டியைக் கொண்டுவருகிறேன்.