கீரைக்கட்டோட நாலு பூண்டுத்தாள்

அட, என்ன தம்பி, கீரைக்கட்ட மாடிக் கம்பியில கொண்டுபோய்க் கட்டுறீங்க? திங்க வர்றது சிங்கமா, கொக்கா? இறங்குங்க, மொதல்ல ஏணிய விட்டு இறங்குங்க. அண்ணாந்துகிட்டே பேசுனா எனக்குக் கழுத்து சுளுக்கிக்கும்.

நான் யாரா? சரியாப் போச்சு. மேளம் அடிக்கிற லான். இன்னும் ஒரு மணி நேரத்துல உங்க வாசல்ல சிங்க ஆட்டம் ஆடப்போறது எங்க கூட்டந்தான். சிங்கத்துக்குத் தலை எங்க வீட்டுக்காரர் கிங்ஃபாய். பின்னால குனிஞ்சு வர்ற வாலு என் கூடப்பொறந்தவன் ஆகேய். மேளவண்டிய எங்க நிறுத்தலாம்னு பாத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு நான் மட்டும் முன்னால வந்தேன். அவங்க சங்கத்துல உக்காந்து கஞ்சி குடிச்சிட்டு இருக்காங்க.

உக்கார நேரமில்ல. சரி, ஊத்துங்க, டீ மட்டும். ஐயோ, அந்த மிளகாய் வேண்டவே வேண்டாம்! உங்க ஹூனான்ல பச்சப்புள்ளைக்கும் இதத்தான் ஊட்டுவீங்களோ? போன வாரம் உங்க சாப்பாட்டுக்கடைச் சமையக்காரர் தாளிச்சுப் பாத்தாரு, எங்க தெருவே நின்னு தும்முச்சு. சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. புது வருசம் பொறந்து எட்டாம் நாளு, கடை திறக்குற நாளு, இன்னைக்குப் போயி யாராவது கோவப்படுவாங்களா?

உயரமாக் கட்டுனாத்தான் யோகம்னு யாரு சொன்னா? எதிர்த்த செருப்புக்கடைக்காரனா? அவன் சொல்லுவான். போன வருசம் அவன் கடையில நடந்தது தெரியுமா? கீரைய ஒழுங்கா வாசல் நெலையிலதான் கட்டியிருந்தான். பக்கத்துல தொட்டியில குட்டி ஆரஞ்சு மரம் ரெண்டு. புது வருசத்துக்கு எங்க ஷுந்தேயில எல்லாக் கடையிலயும் வைப்போம்ல, அதேதான். சிங்கம் வந்துச்சு, மோந்துச்சு, காதை ஆட்டுச்சு, கீரைய விட்டுட்டுத் தொட்டி மரத்த ஒரே கவ்வு! பழமும் இலையுமா அள்ளிச் சனங்க மேல துப்பிருச்சு. செருப்புக்கடைக்காரன் மூஞ்சி போன போக்க நீங்க பாத்திருக்கணும். நான் என்ன பண்ணுவேன், இதுதான் திட்டம்ங்கிற மாதிரி மேளத்த விளாசிட்டேன். சனம் கைதட்டுது, பழம் பொறுக்க ஒருத்தர ஒருத்தர் இடிச்சுக்குது. அந்த வருசம் அவன் செருப்பு வித்த விப்பு இருக்கே! இன்னைக்கும் தன் ராசின்னு சொல்லிக்கிட்டுத் திரியுறான்.

சிரிக்கிறீங்க. எங்காளு பெரிய குறும்புக்காரர்னு நெனச்சுக்கிட்டீங்க. நல்லது, ஊருல எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க.

அதனால அந்தக் கம்பிய விடுங்க. இங்க, இந்த நெலையில, என் தலைக்கு ஒரு முழம் மேல கட்டுனாப் போதும். ஏனா? காத்து தம்பி. ஆத்துக்காத்து மேல சுத்திச் சுத்தி அடிக்கும், கீரை ஆடிக்கிட்டே இருந்தா சிங்கம் எப்படிக் கவ்வும்? என்ன, ஒரு இலை கூட அசையலையா? இப்ப அசையாது. மேளச் சத்தம் கேட்டா வந்துரும்.

சரி, காத்த விடுங்க. உள்ளதச் சொல்லிடுறேன். ஆகேய்க்கு முட்டி வலி. மாடிக் கம்பிய எட்டணும்னா எங்காளு அவன் தோள்மேல ஏறி நிக்கணும்ல? அந்த முட்டி தாங்குமா, பாவம். என்னது? நேத்து அவன்தான் உங்களுக்கு கேஸ் சிலிண்டர் தூக்கிட்டு மாடி ஏறுனானா? ஒரு தோளுக்கு ஒண்ணா, ரெண்டா? பாட்டு வேற பாடிக்கிட்டா? விளங்காதவன். கூடப்பொறந்தவளுக்காக ஒரே ஒரு நாள் நொண்டக்கூடாதா?

நீங்க சிரிச்சு முடிங்க. இன்னொரு டீ ஊத்துங்க, சொல்றேன்.

முப்பது வருசத்துக்கு முன்ன எங்கப்பா கூட்டத்துல நான் மேளம். பொட்டப்புள்ள மேளம் அடிக்கிறதான்னு ஊரு வாய்மேல கைவச்ச காலம். எங்காளு அப்பத்தான் சிங்கத்தலையத் தூக்கி ஆட ஆரம்பிச்சிருந்தாரு. கீரையக் கவ்வுன சிங்கம் அதக் கிழிச்சு நாலாப்பக்கமும் துப்பும்ல, அதுல மொத இலை நேரா என் மேளத்து மேல வந்து விழும். ஒரு கடையில விழுந்தா சரி, தற்செயல். அந்தப் பண்டிகைக்குப் பதினாலு கடை, பதினாலு இலை! பதினஞ்சாவது விழறதுக்குள்ள எங்கப்பா ஜோசியர்கிட்ட நாள் பாக்கப் போயிட்டாரு.

கல்யாணம் ஆகியும் விடல மனுசன். வருசா வருசம், ஒவ்வொரு வாசல்லயும் மொத இலை எனக்குத்தான். ரெண்டு பேரும் மொகம் குடுத்துப் பேசாத ஒரு வருசம் கூட இலை வந்துச்சு. நான் தொடச்சு எறிஞ்சேன், அது வேற கதை.

அத்தன வருசத்துல ஒரு நாள் கூட இலை பட்டுச்சான்னு அவரு கேட்டதில்ல. எதுக்குக் கேக்கணும்? சிங்கத்தோட வாய் வழியாப் பாத்துத்தானே எறியுறாரு. போன வருசத்துக்கு மொத வருசம், வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டிக்கிட்டே கேட்டாரு, இன்னைக்கு இலை மேளத்துல பட்டுச்சான்னு. அன்னைக்கு அத்தனையும் சேகண்டிக்காரர் தலையில விழுந்துச்சு தம்பி.

பட்டுச்சுன்னேன்.

இந்தத் தடவ பண்டிகைக்கு முன்ன, சிங்கத்துக்குத் தாடி ஒட்டலாம்னு தலைக்குள்ள கையவிட்டேன். மூங்கில் வரிச்சுக்கு நடுவுல மடிச்சு ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. சக்கரை கண்ணுக்கு ஏறிருச்சாம். ஒண்ணு போயே போச்சு, இன்னொண்ணுல வெளிச்சம் மட்டும் தெரியுமாம். மீன் வாங்கப் போறேன்னு எங்கிட்டச் சொல்லிட்டு வைத்தியத்துக்குப் போயிட்டு வர்றாரு. துள்ளத் துள்ள மீன் கொண்டாந்த மனுசன், இப்பல்லாம் செத்த மீனா வாங்கிட்டு வர்றாரு. நானும் கொழம்பு வச்சுப் போடுறேன்.

சீட்ட மடிச்சு இருந்த எடத்துலயே வச்சுட்டேன்.

மத்த கூட்டத்துல எல்லாம் சிங்கம் போற போக்குக்கு மேளம் போகும். எங்க கூட்டத்துல ரெண்டு வருசமா மேளம் போற போக்குக்குச் சிங்கம் போகுது. மேளத்து விளிம்புல ரெண்டு தட்டுனா இடது பக்கம். ஒண்ணு தட்டுனா படி வருது. நான் சொல்லிக் குடுக்கல, அதுவா அவருக்குப் பிடிபட்டுருச்சு. உன் அடி நல்லா மெருகேறிருக்குடின்னாரு. ஆமாமா, வயசாக ஆகத்தான் கைக்கு வருதுன்னேன். ஆகேய்க்கும் தெரியும், துணிக்குள்ள மாமா படி, மாமா படின்னு முணுமுணுக்குறான். என்ன சத்தியம் வாங்குனாரோ, எங்கிட்ட மூச்சு விட மாட்டேங்கிறான்.

ஆட்டத்த நிறுத்திட வேண்டியதுதானேங்கிறீங்களா? நல்லாக் கேட்டீங்க. கழட்டி வச்சுட்டா நாளைக்கே அவரு கண்ணு தெரியாத மனுசன். உள்ள இருக்குற வரைக்கும் சிங்கம். என்னைக்கு அவரா வாயத் தொறந்து சொல்றாரோ அன்னைக்குக் கழட்டட்டும், நான் அவசரப்படுத்த மாட்டேன். ஆனா இந்த மாடிக் கம்பிக்கு மட்டும் ஏற விடமாட்டேன். அங்க கீரை இருக்குன்னு யாராவது சொன்னாப் போதும், ஏறியே தீருவாரு. ஆகேயும் தோளக் குடுத்துருவான். விழுந்து வச்சாருன்னா எனக்கு வேற ஆளு கெடையாது தம்பி. அதான் ஓடியாந்தேன்.

அழாதீங்க, நல்ல நாளும் அதுவுமா. மிளகாயா? சரி, மிளகாய்தான்.

சமையக்கட்டுல பூண்டுத்தாள் இருக்குமே? நாலு ஒடிச்சு, லேசா நசுக்கி, கீரையோட சேத்துக் கட்டுங்க. சம்பிரதாயத்துல அதுவும் உண்டு, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. மூக்கு அவருக்கு இன்னும் சுத்தமா வேல செய்யுது. அந்த ஆரஞ்சுத் தொட்டி ரெண்டையும் உள்ள தூக்கி வச்சிருங்க, எதுக்கு வம்பு. கேட்டா, நீங்களாத்தான் தாழக் கட்டுனீங்க. நான் வந்தது மேளவண்டிக்கு எடம் பாக்க. எனக்குத் தெரியும்ங்கிறது அவருக்குத் தெரியாது.

அது என்ன கேட்டீங்க, வண்டிய எங்க நிறுத்தணும்னா? எங்க வேணா நிறுத்தலாம் தம்பி, கீழ சக்கரம் இருக்கு. இலை எங்க விழுதோ அங்க தள்ளிக்கிட்டுப் போயிடுவேன்.