டாக்டர் ஜஸீமாவின் பெயரை எடுத்துவிட்டார்கள்

இந்த நினைவேந்தல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சௌக்கத் அலி அய்யா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர்களே, ஆண்டுதோறும் கையை நீட்டி ரத்தம் கொடுத்த ராயபுரத்து, திருவொற்றியூர்ப் பெருமக்களே! டாக்டர் ஜஸீமாவிடம் பல ஆண்டுகள் செவிலியராக இருந்த ராமசெல்வி பேசுகிறேன். அழக் கூடாது என்றுதான் மேடை ஏறினேன். அழுகை வரவில்லை; கோபம்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஜஸீமா அம்மா என்ன தேடினார்? சளி, இருமலாக வந்துபோகும் ஒரு நுரையீரல் கிருமி. அது போன பிறகும், அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடி எத்தனை காலம் ரத்தத்தில் தங்குகிறது? இதைத்தான் தேடினார். திடமாக இருப்பவர்களிடமே ரத்தம் எடுத்தோம். சிலருக்கு அடுத்த ஆண்டே குறைந்தது. சிலருக்கோ, ஒரு தும்மல்கூட இல்லாமல், ஆண்டுக்கணக்கில் குறையாமலே நின்றது.

அந்தச் சமயத்தில் எண்ணூரில் ஓர் ஆலை, இதே பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்யவைத்து, ஆன்டிபாடி கூடுதலாக இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களை நோயாளிகள் என்று சொல்லி வெளியே அனுப்பியது. பரிசோதித்துக் கொடுத்தது யார்? எங்கள் ஆய்வகம்தான்!

வேலை போனவர்களில் ஒருவர், எங்களுக்கு ஆண்டுதோறும் ரத்தம் கொடுத்தவர், வியாசர்பாடி தீனா ஓடி வந்தார். "டாக்டரம்மா, எனுக்கு இருமலே இல்ல. ரத்தத்துல கிருமி கீதுன்னு கம்பெனி கேட்டாண்டயே நிறுத்திட்டானுங்கோ."

"கிருமி இல்லப்பா, எப்பவோ வந்துட்டுப் போன தடம். உனக்கு பல வருஷமா அப்படித்தான் இருக்கு. நான் வந்து சொல்றேன்," என்றார் அம்மா.

சொன்னார்! தொழிலாளர் விசாரணையில் போய் நின்று சொன்னார். அடுத்து ஆலையின் சாட்சியாக எழுந்தவர் டாக்டர் எழிலன். அம்மாவோடு சேர்ந்து ஆய்வை நடத்தியவர். ரம்ஜானுக்கு ரம்ஜான் அம்மா வீட்டில் சாப்பிட்டவர். "ஆய்வு இன்னும் முடியவில்லை. இவர் சொல்வதை ஏற்க முடியாது" என்றார். அம்மா திரும்பி அவரைப் பார்த்தார். அவர் பார்க்கவில்லை. தொழிலாளர்கள் தோற்றார்கள். ஆய்வகத்தார் ஆய்வை நிறுத்தி, அம்மாவையும் வெளியே அனுப்பினார்கள்.

பின்னால், அம்மா இதய நோயோடு மருத்துவமனையில் கிடந்தபோது மருத்துவப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆன்டிபாடி கூடுதலாக இருப்பதாலேயே ஒருவர் நோயாளி ஆகிவிட மாட்டார் என்றது கட்டுரை. அதே முடிவு! அதே ரத்தம்! எழுதியவர் எழிலன். அம்மாவின் பெயர் எங்கே? இல்லை!

அம்மா அதை முழுக்கப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். பிறகு, "செல்வி, இத தீனாவோட வக்கீல்கிட்ட குடு. அவரே எழுதினது, இனி மறுக்க முடியாது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எழில் ஒரு போன் பண்ணியிருக்கலாம்," என்றார். அவ்வளவுதான்.

வழக்கு மறுபடி எடுக்கப்பட்டது. தீனாவும் தோழர்களும் வேலைக்குத் திரும்பினார்கள். அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் அம்மா கண்ணை மூடினார்.

டாக்டர் எழிலன் இதோ, இந்த மேடையில்தான் இருக்கிறார். தாயம்மா அக்கா, உக்காருக்கா. தீனாவைப் பெத்தவ, உன் கோவம் தெரியுது. 'இன்னா மூஞ்சிய வெச்சிகினு வந்தாரு'ன்னு நீ கேட்டது அவருக்கும் கேட்டிருக்கும். டாக்டர் அவர்களே, அம்மா படத்துக்கு நீங்கள் கொண்டுவந்த மாலை பெரியது. அந்தக் கட்டுரையில் ஒரு பெயருக்கு மட்டும் எப்படி இடமில்லாமல் போனது?

நாங்கள் நிறுத்தப் போவதில்லை. டாக்டர் பெனிஷா பொறுப்பில் ஆய்வு மறுபடி தொடங்குகிறது; அனுமதியும் வந்துவிட்டது. ஞாயிறு காலை, இதே மண்டபம். வெறும் வயிற்றோடு வர வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வாருங்கள். முதல் ரத்தத்தை என் கையிலிருந்தே எடுக்கட்டும். உங்கள் ரத்தத்தை வாங்கிக்கொண்டு, அது சொன்னதை உங்களிடமே மறைத்தார்கள். இனி அது நடக்காது. முடிவு முதலில் உங்கள் வீடு தேடி வரும். பிறகுதான் பத்திரிகைக்குப் போகும். இது அம்மா மேல் ஆணை!