அதை மட்டும் தொடாதே

— செருப்புக் கடை. இதுக்கும் 'அனுமதி'.

— ஆமா, போட்டிருப்பேன்.

— ஏன்னுதான் கேக்கறேன் அண்ணி. செருப்புக் கடைக்காரன் தினமும் உங்களுக்குச் சேதி அனுப்பணுமா?

— ஒருநாள் ஒரு ஜோடி பார்த்தேன். திரையில ஒரு சின்னப் பெட்டி வந்து, சேதி அனுப்பட்டுமான்னு கேட்டுச்சு. மரியாதையா கேக்கறானேன்னு சரின்னு அமுக்கினேன்.

— எல்லாருக்கும் சரின்னு அமுக்கியிருக்கீங்க. மெத்தை, பூச்செடி, பல் டாக்டர், வயலின் கத்துக்கொடுக்கறவன்... மொத்தம் நாப்பத்தாறு. அதான் மூலையில ஓயாம டிங்கு டிங்குன்னு வந்துட்டே இருக்கு. வயலின் எதுக்கு?

— தெரியலை. அன்னைக்கு என்ன நினைப்புல இருந்தேனோ.

— எடுத்துடறேன்.

— எடு எடு. ஆனா ஒண்ணு சொல்லு. ஞாயித்துக்கிழமை காலைல எட்டரைக்கே வந்து என் லேப்டாப்பை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே. உன்னை யார் கூப்பிட்டா?

— நீங்கதான் மெதுவா ஓடுதுன்னு சொன்னீங்க.

— அது போன மாசம் சொன்னது. நாத்தனார் சொல்லாம கொள்ளாம வந்தா ஏதோ விஷயம் இருக்கும்.

— ஒண்ணுமில்லை. வீட்ல இருக்க முடியலை. கீழே மரப்பட்டறைல ஞாயித்துக்கிழமைன்னுகூடப் பார்க்காம ரம்பத்தைப் போட்டு அறுக்கறான். கொய்ங்ங்ன்னு தலைக்குள்ள போகுது.

— வேற வீடு பாருன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன்.

— தனி ஆளுக்கு எந்த வீடா இருந்தா என்ன... பல் டாக்டரை எடுத்துடவா?

— அவரை விட்டுடு. ஆறு மாசத்துக்கு ஒருதரம், 'உங்க பல் எப்படி இருக்கு'ன்னு கேக்கறார்.

— அவர் கேக்கலை அண்ணி. மெஷின் கேக்குது.

— மெஷினோ மனுஷனோ. கேட்டுச்சா இல்லையா.

— சரி, இருந்துட்டுப் போகட்டும். இது என்ன... ஏதோ ஒரு துறைமுகத்தோட மழை?

— உங்கண்ணன் கப்பல் முதல்ல போய் நின்ன ஊர். அங்க மழை வந்தா எனக்குச் சேதி வரும். இப்பவும் வருது. முந்தாநாள்கூட நல்ல மழையாம்.

— கப்பல் அங்க இல்லையே.

— ஊர் இருக்கே. காபி ஆறுது பாரு. ரெண்டு டம்ளர் கழுவி எத்தனை நாளாச்சு தெரியுமா? மேல் தட்டுலேர்ந்து இறக்கினேன்.

— குடிக்கறேன். அடுத்தது இருப்பிடம். அய்யோ, இதென்ன அண்ணி கூத்து? எல்லா சைட்டுக்கும் 'ஒவ்வொரு முறையும் கேள்'னு வெச்சிருக்கீங்க. ஒரே அடியா அனுமதியோ தடையோ போட்டா தொல்லை விட்டுது. இப்படி வெச்சா திறக்கறப்பல்லாம், 'நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா'ன்னு பெட்டி வரும்.

— வருது.

— எரிச்சலா இல்லை?

— நான் எங்க இருக்கேன்னு வேற யார் கேக்கறா, குட்டி. மூஞ்சியை அப்படி வெச்சுக்காதே. வாயில வந்துடுச்சு, சொல்லிட்டேன்.

— இருப்பிடம் அப்படியே இருக்கட்டும்.

— இருக்கட்டும்.

— அடுத்தது கேமரா, மைக். இதுல ரெண்டே ரெண்டு பேர்தான். ஒண்ணு உங்க ஆபீஸ்.

— அது வேணும். வாரத்துக்கு ஒரு மீட்டிங் அதுலதான்.

— இன்னும் அதே வேலைதானா? டாக்டருங்க பேசி அனுப்பறதை நாள் பூரா காதுல மாட்டிக்கிட்டு, கேட்டுக் கேட்டு டைப் அடிக்கறது?

— நல்ல வேலைதான். ஒருத்தர் ரெண்டு வார்த்தைக்கு ஒருதரம் இருமுவார். ஒருத்தர் ரூம்ல ஃபேன் கிறீச்சுன்னு சுத்தும். ஒரு அம்மா மூக்கை உறிஞ்சிக்கிட்டே பேசுவாங்க. பேரே பார்க்க வேண்டாம், யாருன்னு சொல்லிடுவேன். பேச ஆள் இல்லாட்டியும் கேக்கறதுக்கு இருக்கு.

— பெருமையா சொல்லிக்கறீங்க.

— வேற எதைச் சொல்லிக்கறது?

— சரி... இன்னொண்ணு இந்தக் கால் பண்ற சைட்...

— அதை மட்டும் தொடாதே.

— அண்ணி, நான் என்ன சொல்ல வந்தேன்னா...

— மத்த எல்லாத்தையும் எடுத்துக்கோ. வேணும்னா பல் டாக்டரையும் எடுத்துக்கோ. உங்கண்ணன் கப்பல்லேர்ந்து பேசறது அது ஒண்ணுலதான். கேமரா, மைக், மணி, மூணும் இருக்கிற மாதிரியே இருக்கணும்.

— அவன் கடைசியா எப்ப பேசினான்?

— தெரியாத மாதிரி கேக்கறே. ஒரு வருஷம் ஆச்சு.

— அப்புறம் எதுவுமே இல்லையா?

— மார்ச்சுல ஒருதரம் மணி அடிச்சுச்சு. அவர் பேர்தான் வந்துச்சு. எடுத்தேன்.

— பேசினானா?

— இல்லை. பதினோரு செகண்டு. கட் ஆயிடுச்சு.

— நெட்டு சரியா கிடைச்சிருக்காது. நடுக்கடல்ல...

— இருக்கும்... மணி என்ன?

— பத்தாகப் போகுது.

— இங்க கொடு. அதைத் திறக்கணும்.

— எதுக்கு?

— தினமும் திறக்கணும். ரொம்ப நாள் எட்டிப் பார்க்கலைன்னா இந்தப் பிரவுசர் தானாவே அனுமதியைப் பிடுங்கிக்குது. ஜனவரில ஒரு அறிவிப்பு போட்டுச்சு, சமீபத்துல போகாத சைட்டுக்கெல்லாம் அனுமதியை நீக்கிட்டோம்னு. பார்த்தா இதுவும் போயிருந்துச்சு. பகீர்னு ஆயிடுச்சு எனக்கு. எத்தனை நாள் மணி அடிக்காமயே கிடந்துச்சோ. மறுபடி கொடுத்தேன். அதுலேர்ந்து பத்து மணிக்குத் திறந்து, கொஞ்ச நேரம் முன்னாடி உட்கார்ந்துட்டு மூடிடுவேன்.

— தினமுமா?

— ஜுரம் வந்தப்பகூட.

— அண்ணி, லேப்டாப்பை அப்புறம் தர்றேன். இப்படி உட்காருங்க. நான் இதைச் சுத்தம் பண்ண வரலை.

— தெரியும். செருப்புக் கடைல ஆரம்பிச்சப்பவே தெரியும்.

— அண்ணன் கூப்பிட மாட்டான். கப்பலை விட்டு இறங்கி எட்டு மாசமாச்சு. இறங்கின ஊர்லயே தங்கிட்டான். அங்க ஒருத்தி... அவகூட இருக்கான். பிப்ரவரில எனக்குச் சொன்னான். 'நீ அவகிட்ட பக்குவமா சொல்லிடு'ன்னான். எனக்கு வாய் வரலை. வரும்போதெல்லாம் அதைப் பேசி இதைப் பேசிட்டு எழுந்து போயிடுவேன். நேத்து மறுபடி கேக்கறான், சொல்லிட்டியான்னு... எதாவது பேசுங்க அண்ணி. திட்டவாவது திட்டுங்க.

— பக்குவமாவா... உங்கண்ணனுக்கு எல்லாத்தையும் அடுத்தவங்கதான் பக்குவமா செஞ்சு கொடுக்கணும்.

— அழணும்னா அழுதுடுங்க. உள்ள வெச்சுக்காதீங்க.

— அதெல்லாம் மார்ச்சுலயே அழுதாச்சு.

— மார்ச்சுலயா?

— அந்த மணி அடிச்ச அன்னைக்கு.

— அது... அது ஏதோ கோளாறா இருக்கும் அண்ணி. அவன் கை தவறி அமுக்கியிருப்பான்.

— குட்டி, கப்பலுக்குப் போகும்போது அவரோட பழைய போனை யார்கிட்ட கொடுத்துட்டுப் போனார்?

— என்கிட்டதான்.

— எடுத்ததும் 'சாப்பிட்டாச்சா'ன்னு கேட்டேன். பதில் இல்லை. பின்னாடி கொய்ங்ங்ன்னு மரம் அறுக்கற சத்தம். நடுக்கடல்ல ஏது மரப்பட்டறை? காதை வெச்சுப் பொழைக்கறவ நான்.

— அண்ணி...

— அவர் பேரோடயே இருந்த அந்தப் போன்லேர்ந்து நீ கூப்பிட்டு வாயே திறக்கலைன்னா, அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குப் புரியாதா?

— சொல்லிடணும்னுதான் அடிச்சேன். லீவு போட்டுட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்துட்டு அடிச்சேன். வேலை நேரத்துல என் நம்பரைப் பார்த்தா எடுக்க மாட்டீங்க. அவன் பேரைப் பார்த்தா எடுப்பீங்கன்னு... எடுத்தீங்க. சாப்பிட்டாச்சான்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் என்னால முடியலை.

— ம்.

— அஞ்சு மாசமா தெரிஞ்சுக்கிட்டே, எதிர்ல உட்கார வெச்சு காபி கொடுத்தீங்களே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

— நீயா சொல்லட்டும்னு இருந்தேன். நான் கேட்டு நீ சொன்னா, அப்புறம் இங்க வர்றதையே விட்டுடுவியோன்னு ஒரு பயம்.

— எங்க போகப்போறேன். எனக்கு மட்டும் யார் இருக்கா... சரி, இதை எடுத்துடவா? இனிமே எதுக்கு?

— தொடாதேன்னு சொன்னேன்.

— அவன் கூப்பிட மாட்டான்னு மார்ச்சுலயே தெரிஞ்சுபோச்சு. அப்புறமும் தினமும் பத்து மணிக்கு யாருக்காகத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்தீங்க?

— அந்தப் பதினோரு செகண்டுல கடைசி ரெண்டு செகண்டு நீ அழுதே. அழுதவ எப்படியும் இன்னொருதரம் கூப்பிடுவான்னு உட்கார்ந்திருந்தேன்.