செத்த லைனில் ஒரு மூச்சு

சாயந்திரம் ஏழு மணி இருக்கும். ஆளில்லாத ரோடு... அதன் கடைசியில் ஒரு பழைய ஆறு மாடிக் குடியிருப்பு. என் தோழியின் நாத்தனார் வீட்டுக்காரர் அங்கே பைக்கை நிறுத்தும்போதே மனைவியிடமிருந்து போன்.

"ஏங்க, காலையிலேர்ந்து குழந்தை அசையற மாதிரியே இல்லைங்க."

"ஒரே ஒரு வீடுதான் பாக்கி. முடிச்சிட்டு வந்துடறேன். நேரா டாக்டர்கிட்ட போயிடலாம்."

அவளுக்கு நிறைமாசம். வீட்டில் துணைக்கு யாரும் இல்லை.

அவருக்கு இன்டர்நெட் கொடுக்கிற வேலை. அந்தக் கட்டடத்தில் சுவரைத் துளைக்க ஓனர் விடவில்லை. அதனால் சுவருக்குள் ஏற்கெனவே ஓடுகிற பழைய டெலிபோன் வயரிலேயே இன்டர்நெட்டை அனுப்புவதாக ஏற்பாடு. எல்லா வீட்டு வயரும் பேஸ்மென்ட்டில் ஒரு சின்ன அறைக்கு வந்து சேரும். வீட்டுக்கு ஒரு ஜோடி.

இந்தக் கதையை எடுத்தாலே, "பேய்க்கு பாஸ்வேர்டு கொடுத்தாங்களாமா?" என்கிறான் என் கொழுந்தன். சிரிக்கட்டும்.

அந்த அறைக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. டூல் பெட்டியைக் கதவிடுக்கில் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அன்று அவருக்கு அவசரம். குறடு எடுக்கப் பெட்டியை உள்ளே இழுத்தார்...

டப்.

அவ்வளவுதான்.

கத்திப் பார்த்தார். தோளால் இடித்துப் பார்த்தார். மொபைலில் சிக்னல் இல்லை. ஈரச் சுண்ணாம்பு வாடை. அவர் புதிதாக மாட்டிய இன்டர்நெட் பெட்டியின் ஃபேன் மட்டும் கிர்ர்ர் என்று...

கையில் டெஸ்ட் போன் இருந்தது, வயரில் கிளிப் மாட்டிப் பேசிப் பார்க்கிற போன். செத்த வயரானாலும் ஒரு சின்ன பேட்டரியைச் சேர்த்தால், மறுமுனையில் யாராவது ரிசீவரை எடுத்தால் பேசிவிடலாம். லைன்காரர்கள் மாடிக்கும் பேஸ்மென்ட்டுக்கும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். எந்த வீட்டிலாவது பழைய போன் இன்னும் கழற்றப்படாமல் கிடக்காதா? ஒவ்வொரு ஜோடியாகக் கிளிப்பை மாட்டினார்.

"ஹலோ... ஹலோ..."

ஒன்றுமில்லை. அடுத்தது. ஒன்றுமில்லை. அடுத்தது...

மூச்சு.

"ஹலோ, யாராவது கீழ வந்து கதவைத் திறங்க. உள்ள மாட்டிக்கிட்டேன்."

பிறகு ஒரு பெண் குரல், தீனமாக.

"நானும்தான்."

"எந்த வீடும்மா நீங்க?"

"தெரியல. இருட்டா இருக்கு. தட்டித் தட்டிக் கை ஓய்ஞ்சு போச்சு. யாருமே திறக்கல."

கிளிப்பைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் பேசுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"வீட்டுல பொண்டாட்டி தனியா இருக்காம்மா. நிறைமாசம். நான் எப்படியாவது போகணும்."

மூச்சு நின்றது. ஃபேன் கூட நின்ற மாதிரி இருந்தது.

"நான் உங்களுக்குத் திறந்து விட்டா, உங்க வீட்டுல எனக்குத் திறந்து விடுவீங்களா?"

யோசிக்கிற நிலைமையா அது?

"விடறேம்மா," என்றார்.

கதவு திறந்துகொண்டது. வெளியே படிக்கட்டு... யாரும் இல்லை.

எப்படி வண்டி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. வீட்டு வாசல் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. பதறிப்போய் நுழைந்தால், மனைவி சோபாவில் சாய்ந்து சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறாள். அவருக்கு அப்போதுதான் உயிரே வந்தது.

"கதவை ஏன்டி திறந்து போட்டிருக்க?"

"தட்டினது நீங்கன்னு நினைச்சுத்தான் திறந்தேன். பார்த்தா யாருமே இல்ல. சில்லுன்னு ஒரு காத்துதான் உள்ள வந்துச்சு. சாத்தக்கூட முடியாம அப்படியே வந்து உட்கார்ந்துட்டேன்."

அவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டாக்டர்கிட்ட கிளம்பலாமா?"

"வேண்டாங்க. இப்ப நல்லா அசையுது." அவர் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

விரல் முட்டியால் தட்டுவது போல இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து... மறுபடி இரண்டு.

"பாருங்களேன்," என்றாள் அவள். "இது உதைக்கிற மாதிரியாங்க இருக்கு?"