பனி தள்ளியிருந்த வாசல்

வாசலில் கிடக்கும் பனியைப் பார்த்தே ஒரு வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. கிளீவ்லண்டின் கிழக்குப் பக்கத்தில் சில குளிர்காலங்களைக் கழித்தவர் யாருக்கும் இது வரும். ஆள் இருக்கிற வீட்டில் பனி மிதிபட்டிருக்கும். தபால்காரரின் தடம், நாயின் தடம், குப்பைத் தொட்டியை இழுத்த கோடு எல்லாம் தெரியும். ஆள் இல்லாத வீட்டில் பெய்தது பெய்தபடி கிடக்கும். உங்கள் வீட்டு வாசலிலும் இந்நேரம் நிறையச் சேர்ந்திருக்கும், ஆபீசர். சுருக்கமாகவே சொல்கிறேன்.

என் பெயர் வெண்டல் சாபோ. பேங்க் கைக்கு வரும் வீடுகளைப் பூட்டுவது என் வேலை. தவணை கட்ட முடியாமல் ஆட்கள் வெளியேறியதும் நான் போவேன். தண்ணீரை நிறுத்திக் குழாய்களை வடித்துவிட்டு, ஹீட்டரை அணைப்பேன். கீழ் ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, கதவுகளுக்கு வெளியே பேங்க் பூட்டைப் போட்டுவிட்டு வருவேன். இதைச் செய்யாவிட்டால் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்து வீடே பாழாகிவிடும். நான் வீடுகளைக் காப்பாற்றுகிறவன். நீங்கள் இதை எழுதிக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தேன்.

நீங்கள் கேட்பது ஒரே விஷயம்தான். வீட்டுக்காரர் எட்மண்ட் ருட்கா மாடியில் இருப்பது தெரிந்தே அந்த வீட்டைப் பூட்டினேனா என்று. தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் தெரியாது என்பதைத்தான் விளக்கப்போகிறேன்.

அந்தத் தெருவில் இருப்பவை எஃகு ஆலைத் தொழிலாளிகள் வாங்கிய மர வீடுகள். நல்ல காலத்தில் டை கட்டிய பையன்கள் கதவு கதவாகத் தட்டி, வீட்டின்மேல் கடன் கொடுத்தார்கள். ருட்காவுக்குக் கூரை ஒழுகியது. கையெழுத்துப் போட்டார். பிறகு வட்டி ஏறியது. ஏறும் என்று யாரும் படித்துக் காட்டவில்லையாம். தன் கூரைக்குக் கீழே தன் கையாலேயே போட்ட கையெழுத்துக்காக இன்னொருவர் பரிதாபப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வழக்கம் என்னிடம் இல்லை.

பேங்க்காரர்கள்மேல் எனக்கு மரியாதை இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். அந்த ஜனவரி முழுக்க டிவியில் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, பேங்க் பலமாக இருக்கிறது என்றார்கள். உண்மையிலேயே பலமாக இருப்பவரைப் பற்றி யாரும் தினமும் அப்படிச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. பேங்கிலிருந்து எனக்கு வேலை அனுப்பும் பிரெண்ட் கோலர் என்பவர், பனியே பெய்யாத ஊரில் குட்டைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறவர். தங்கள் பேங்கை வாங்க ஒரு பெரிய பேங்க் வரப்போகிறது, வருகிறவர்கள் முதலில் வீடுகளைத்தான் எண்ணிப் பார்ப்பார்கள் என்று அந்த வாரம் போனில் புலம்பினார். ஆள் இருக்கிற வீடு என்றால் கோர்ட், ஷெரிப், மாதக்கணக்கில் இழுத்தடிப்பு. காலி வீடு என்றால் உடனே விற்கக்கூடிய சரக்கு. ருட்காவின் வீடு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

“வெண்டல், ஆள் இருந்தாலும் இல்லன்னு சொல்லுங்கன்னு நான் சொல்லவே இல்ல,” என்றார். “வெள்ளிக்கிழமைக்குள்ள அது காலியா இருந்தா எல்லாருக்கும் நிம்மதின்னு மட்டும்தான் சொல்றேன்.”

“எல்லாருக்குமா?” என்று கேட்டேன்.

“உங்களுக்கும்தான். அடுத்த மாசம் வேலை அனுப்ப நான் இங்க இருக்கணும்ல?”

கோழை. ஆனால் அவர் பேசியதில் அர்த்தம் இருந்தது. பூட்டினால்தான் எனக்குக் கூலி. ஆள் இருக்கிறது என்று திரும்பி வந்தால் பெட்ரோலுக்குக்கூடத் தேறாது.

இனி லூவெனியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ருட்காவின் எதிர்வீட்டுக்காரி. கறுப்பினத்தவர், சர்ச்சில் பெரிய கை, தெருவே அவரை மிஸ் லூவெனியா என்றுதான் கூப்பிடும். காலி வீடு என்று தெரிந்தால் திருடர்கள் இரவோடிரவாகச் செம்புக் குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வெளியேறிப் போனால் மிச்சம் இருப்பவர்கள் அந்த வீட்டு வாசலில் பனி தள்ளுவார்கள், திரை மாட்டுவார்கள், தங்கள் காரை அங்கே நிறுத்துவார்கள். முந்தைய வருடம் ஒரு வீட்டைப் பூட்டப் போய், இப்படித்தான் ஏமாந்து, வாசலில் நின்று மணியடித்துக்கொண்டிருந்தேன். லூவெனியா சிரித்துக்கொண்டே தெருவைத் தாண்டி வந்தார்.

“என்ன தம்பி, பேய்க்கா மணி அடிக்கிறீங்க?” என்றார். “உள்ள யாரும் இல்ல. பனி தள்ளுறது, லைட் போடுறது எல்லாம் நான்தான்.”

எதற்கு இந்த வீண் வேலை என்று கேட்டேன்.

“அவங்க திரும்பி வந்தா வீடு வீடா இருக்கணும்ல. நீங்க ஏன் கையுறை இல்லாம நிக்கிறீங்க? உள்ள வாங்க, காபி போடுறேன்.”

காபி குடித்தேன். நல்ல காபிதான். போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பும் ஒருவரோடு அதற்குமேல் பேச எதுவும் இல்லை. ஆனால் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். அந்தத் தெருவில் வாசல் சுத்தமாக இருந்தால், உள்ளே ஆள் இல்லை என்றுகூட அர்த்தம் இருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை ருட்கா வீட்டு வாசலில் பனி தள்ளியிருந்தது. இப்போது உங்களுக்குப் புரியும்.

கடுங்குளிர் நாள். லூவெனியா பெட்டியோடு காரில் ஏறிக்கொண்டிருந்தார். ஆக்ரனில் அவருடைய அக்காள் இறந்துவிட்டார், திங்கட்கிழமைதான் திரும்புவேன் என்றார். அவசரத்திலும் நின்று என்னை விசாரித்தார்.

“இன்னைக்கு எந்த வீடு தம்பி?”

“மூலை வீடு,” என்றேன்.

“நல்லது. ரோடு வழுக்குது, பாத்துப் போங்க. கர்த்தர் கூட இருப்பாரு.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டீர்கள். மூலை வீட்டுக்கும் ஒருநாள் போகவேண்டியிருந்தது. துக்கத்துக்குப் போகிறவரை நிறுத்தி வைத்துப் பேசுவது நாகரிகமில்லை. அவர் கார் திரும்பும்வரை காத்திருந்தது, அவர் காரை வழுக்காமல் ஓட்டுகிறாரா என்று பார்க்கத்தான்.

பின்கதவுப் பூட்டைத் துளைத்து உள்ளே போனேன். வீடு கதகதப்பாக இருந்தது. குழாய் உறையாமல் இருக்க லூவெனியா ஹீட்டரை ஓடவிட்டிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். மாடிப்படியில் கைப்பிடியோரம் தேய்ந்துபோன ஒரு மெத்தைத் துண்டு கிடந்தது. ருட்காவுக்கு முட்டி போய்விட்டதாம், பகலில் ஒருமுறை படிப்படியாக உட்கார்ந்தே இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாராம். இதெல்லாம் பிறகு நீங்கள் சொல்லித்தான் தெரியும். மேலே பலகை கிறீச்சிட்டது. பழைய மர வீடுகள் குளிரில் முனகும்.

பூட்டுவதற்கு முன் குரல் கொடுக்க வேண்டும் என்பது விதி. சமையலறையில் நின்று, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டேன். கத்திக் கேட்க வேண்டும் என்று விதியில் இல்லை. அவருக்குக் காது மந்தம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பதில் வரவில்லை. மாடிக்கு ஏறிப் பார்த்திருக்கலாமே என்கிறீர்கள். ஏறிப் பார்த்தால் பார்த்ததாகிவிடும். பிறகு பார்க்காதவனாக இருக்க முடியாது. இந்த வேலையில் இருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வேலையைச் சுத்தமாகச் செய்தேன். ஹீட்டரை அணைத்தேன், குழாய்களை வடித்தேன், பலகை அடித்தேன், இரண்டு கதவுகளுக்கும் பூட்டுப் போட்டேன். காலி என்று கோலருக்குச் சொன்னேன். “நீங்க தங்கமான ஆளுங்க, வெண்டல்,” என்றார். அன்று மாலை டிவியில் பேங்க் இன்னும் பலமாகத்தான் இருந்தது. மறுவாரம் அதை யாருமே வாங்கவில்லை. கடைசியில் அதுவும் மூடப்பட்டது. ருட்காவின் வீட்டைக் கேட்டு இன்றுவரை ஒருவரும் வரவில்லை. யாருக்கும் வேண்டாத வீடு அது. என் கோபமெல்லாம் அதில்தான்.

திங்கட்கிழமை லூவெனியா வந்து பூட்டைப் பார்த்துவிட்டு உங்கள் ஆட்களைக் கூப்பிட்டார். ருட்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு படிகளின் நடுவில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தாராம். கீழே இறங்கப் போனவர்.

நேற்று லூவெனியா என்னைப் பார்க்க இங்கே ஜெயிலுக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கையுறை கொண்டுவந்தேன், உள்ளே கொடுக்க விடவில்லை என்றார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“நான் அன்னைக்குக் கெளம்புறப்ப பீன்ஸ் சூப் வச்சு அவரு வீட்டு மேசையில மூடி வச்சிட்டுப் போனேன். வந்து பாத்தா கிண்ணம் கழுவிக் கவுத்திருந்துச்சு. சாப்பிட்டுட்டுத்தானே போயிருக்காரு? பசியோட போகலல்ல?”

“சாப்பிட்டிருப்பாரு, மிஸ் லூவெனியா,” என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கர்த்தருக்கு நன்றி சொன்னார். இந்த வழக்கில் யாருக்காவது யாராவது ஓர் ஆறுதல் தந்திருந்தால், அது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் அந்தக் கிண்ணத்தை விடுவதாக இல்லை. தண்ணீர் நிறுத்திய வீட்டில் ருட்கா அதை எப்படிக் கழுவியிருக்க முடியும் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆமாம், நான்தான் சாப்பிட்டேன். குளிரில் வேலை செய்கிறவனுக்குப் பசிக்கும். பன்றிக்கால் போட்டுச் செய்த சூப், பக்கத்தில் சோளரொட்டி. நன்றாகச் சூடாக இருந்தது. நின்றபடியே சாப்பிட்டு முடித்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் தண்ணீரை நிறுத்தக் கீழே நிலவறைக்குப் போனேன். ஆள் குடியிருக்கிற வீட்டில் எச்சில் கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு வருகிறவன் இல்லை நான்.